மூன்றாம் மாடி விளக்கு

மான்ஹைமில் நடுநகரத் தெருக்களுக்குப் பெயரில்லை.
எழுத்தும் எண்ணும்தான்.
எஸ் நாலில் வீடு, எல் ஏழில் அலுவலகம்.
வந்த புதிதில்
வரைபடத்தாளின் கட்டத்துக்குள்
யாரோ என்னைப் புள்ளியாய்க் குத்திவைத்ததுபோல் இருந்தது.
பொருளியல் படித்தவளுக்கு இது வசதிதானே என்று
கூட வேலை பார்க்கும் ஆன்யெஸ்கா சிரித்தாள்.

எழுதியது எண்பத்தொரு பக்கம்.
பழைய கொதிகலனைக் கழற்றிவிட்டு
வெப்பப் பம்பு பொருத்துகிறவர்களுக்கு
அரசு எவ்வளவு கொடுக்கலாம், எப்போது சொல்லலாம்.
அதில் வரும் குடும்பங்களுக்கு முகமில்லை,
அறிவு மட்டும் உண்டு.
எனக்குத் தெரிந்த அத்தனையும் அவர்களுக்கும் தெரியும் என்று
நாலாம் சமன்பாட்டிலேயே ஒத்துக்கொண்டுவிட்டேன்.
ஒருமுறை ஏமாற்றலாம்.
மறுமுறை நீ ஏமாற்ற வருவாய் என்று
முன்கூட்டியே விலைப்பட்டியலைத் திருத்திவைத்திருப்பார்கள்.

ஃப்ரைபுர்க்கிலிருந்து கருத்தரங்குக்கு வந்த ஒருவர் கேட்டார்:
டிராம் ஓட்டுகிற மனிதர்
இத்தனை கணக்கா போட்டுக்கொண்டிருப்பார்?
எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே.
எங்கள் துறையில்
மணி கேட்டதுமே கரும்பு விலை ஏறிவிடும்,
யானை வந்து பார்த்தால் தோட்டம் காலி.
ஆகவே அமைச்சகத்துக்கு அறுபதாம் பக்கத்தில் எழுதினேன்:
சொல்லும் நாளும் கொடுக்கும் நாளும் ஒன்றாக இருக்கட்டும்.
அதுவரை வாய் திறக்காதீர்கள்.

திறக்கவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும்.
ஜனவரியில் அறிவிக்கும்வரை
எந்தச் செய்தித்தாளிலும் ஒரு வரி கசியவில்லை.

ஆனாலும் முந்தைய நவம்பர், டிசம்பர் கணக்கு வந்தபோது
நகரத்தின் ஒரு மூலையில் மட்டும்
பம்பு ஆர்டர்கள் பள்ளத்தில் கிடந்தன.
எஸ் மூன்று, எஸ் நாலு, டி மூன்று, டி நாலு.
தரவில் பிழையா,
கழித்தல் குறி எங்காவது கூட்டலாகிவிட்டதா,
மூன்று இரவு தேடினேன்.

நாலாவது விடியலில் படிக்கட்டில் ஃபோல்க்மார் ஸைஃபெர்ட்.
வீட்டுக்காரர். ஐந்தாம் தடத்து டிராம் ஓட்டுநர்.
முதல் வண்டிக்குக் கிளம்பியிருந்தார், கையில் காப்பிக் குடுவை.
வியாழக்கிழமை புதுப் பம்பு வருகிறது,
சத்தம் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள் என்றார்.
அக்டோபரிலேயே மாற்றியிருப்பேன், நிறுத்திவைத்தேன்.

ஏன்?

உங்கள் விளக்குதான்.
நான் மூன்றரைக்கு எழும்போதும் எரிந்தது, மூன்று வாரம்.
தபால்பெட்டியில் பெர்லினிலிருந்து தடித்த உறைகள்.
கொதிகலனுக்கு எத்தனை வயது என்று
என்னிடமே ஒருநாள் கேட்டீர்கள்.
எதையோ கொடுக்கப் போகிறார்கள் என்று தோன்றியது.
பொருத்துகிற நெவ்ஸாத்திடம், கொஞ்சம் பொறு என்றேன்.
அவர் நேர்மையானவர்,
மற்ற வாடிக்கையாளர்களிடமும் சொல்லியிருப்பார்.

எண்பத்தொரு பக்கத்திலும் எல்லோரும் இருந்தார்கள்.
எழுதுகிறவள்தான் இல்லை.

நெவ்ஸாத்தின் கடையில் இரண்டு மாதம் வேலையில்லை.
உதவிக்கு இருந்த ஒருவனை அனுப்பிவிட்டாராம்.
அவன் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை.
திருத்திய பதிப்பில் இதை ஓர் அடிக்குறிப்பாகச் சேர்த்தேன்.
ஆன்யெஸ்கா வெட்டச் சொன்னாள்,
வெட்டினேன்.

இப்போது வேறொரு அறிக்கை. எதைப் பற்றி என்று சொல்ல முடியாது.
பத்து மணிக்கே விளக்கை அணைத்துவிட்டு
போர்வைக்குள் மடிக்கணினியோடு கிடக்கிறேன்.
கண்ணை மூடிக்கொண்ட பூனைதான். தெரிகிறது.

இன்று காலை படிக்கட்டில் அவர்
கையுறையை மாட்டிக்கொண்டே, போகிறபோக்கில்:
இப்போதெல்லாம் சீக்கிரம் தூங்கிவிடுகிறீர்கள் போல.
மானியத்தைக் குறைக்கப் போகிறார்களா?

நான் வாய் திறக்கவில்லை.

நன்றி, என்றார்.